தடயத்தை முதலில் தொடும் கை

குற்றம் நடந்த இடத்துக்கு முதலில் வந்து சேர்பவர் பெரும்பாலும் ரோந்தில் இருந்த காவலர். இல்லையென்றால் பக்கத்து நிலையத்திலிருந்து பைக்கில் விரைந்து வரும் ஏட்டு. கூடி நிற்கும் கூட்டத்தை அவர்தான் விலக்குகிறார். கீழே கிடக்கும் செல்போனை எடுக்கிறார். எதிர்க்கடையில் சிசிடிவி கேமரா இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கிறார். ஆய்வாளரும் தடய அறிவியல் நிபுணரும் வந்து சேர்வதற்குள் வழக்கின் தலையெழுத்தில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது. ஆனால், மின்னணுத் தடயங்களைக் கையாளும் பயிற்சி என்று வரும்போது வரிசையின் கடைசியில் நிற்பவரும் அந்த ஏட்டுதான். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

காவலராகச் சேர்ந்து ஆய்வாளராக ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலம் முழுவதும் தென் மாவட்டங்களில்தான். அதில் பெரும்பகுதி அனைத்து மகளிர் காவல் நிலையங்களில். இப்போது விருதுநகர் மாவட்டத்தில், சட்டம் படிக்கும் மாணவர்களுக்கும் உதவி ஆய்வாளர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கும் புலன்விசாரணை வகுப்பு எடுக்கிறேன். முதல் நாளே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “மேடம், டெலீட் பண்ணின வாட்ஸ்அப்பைத் திரும்ப எடுக்கிற சாஃப்ட்வேர் எது?” அதற்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு வேலை கொடுப்பேன். மேசைமேல் ஒரு செல்போனை வைத்து, அதற்குப் பார்வை மகஜர், அதாவது சாட்சிகள் முன்னிலையில் கண்டதைக் கண்டபடி எழுதும் பதிவு, எழுதச் சொல்வேன்.

பெரும்பாலானவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: ‘கறுப்பு நிற செல்போன் ஒன்று மேசைமேல் இருந்தது.’ பிறகு ஒவ்வொன்றாகக் கேட்பேன். எந்த நிறுவனத்தின் எந்த மாடல்? உயிரோடு இருந்ததா, அணைந்திருந்ததா? திரையில் காட்டிய நேரம் என்ன, அப்போது சரியான நேரம் என்ன? பேட்டரி எத்தனை சதவீதம்? சிக்னல் இருந்ததா? ஃபிளைட் மோடில் போட்டது யார், எத்தனை மணிக்கு? திரையில் கீறல் ஏற்கெனவே இருந்ததா? பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண் எங்கே? உறையில் ஒட்டி அரக்கு முத்திரை வைத்தபோது கையெழுத்துப் போட்ட சாட்சிகள் யார்? இவ்வளவும் எழுதிய பிறகுதான் அது தடயம். அதுவரை அது மேசைமேல் கிடக்கும் ஒரு போன் மட்டுமே.

மின்னணுத் தடயவியலில் மென்பொருளுக்கு முன்னால் வருவது கைப்பழக்கம். உயிரோடு இருக்கும் போனை அணைக்கக் கூடாது. அணைந்திருக்கும் போனை உயிர்ப்பிக்கக் கூடாது. இன்றைய போன்களில் எல்லாமே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. ஒருமுறை அணைத்து மறுபடி இயக்கினால், கடவுச்சொல் போடும்வரை உள்ளே இருக்கும் பெரும்பாலான தரவுகள் பூட்டியே கிடக்கும். சிக்னலோடு விட்டாலோ, எங்கோ இருப்பவர் தொலைவிலிருந்தே அதைத் துடைத்துவிட முடியும். அதனால்தான் ஃபிளைட் மோடில் போட்டு, அலைவரிசை புகாத ஃபாரடே பையில் வைத்து, சார்ஜ் இறங்காமல் ஆய்வகம் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். இதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஒரு பிற்பகல் சொல்லிக் கொடுத்து, கையால் செய்துபார்க்க வைத்தால் எந்தக் காவலருக்கும் பிடிபடும்.

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்கள் இந்தப் பழக்கத்தைச் சட்டக் கடமையாக்கிவிட்டன. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவின்படி, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில், தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் வர வேண்டும் என்கிறது 176(3). இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டுகள்வரை அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அந்த அவகாசம் கட்டடம் கட்டுவதிலும் வண்டி வாங்குவதிலும் தீர்ந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. நிபுணர் வந்து சேரும்வரை இடத்தைக் காத்து நிற்கப் போகிறவர் அதே ஏட்டுதான்.

பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவு இன்னும் நுட்பமானது. மின்னணுப் பதிவு ஒன்றைச் சான்றாகத் தாக்கல் செய்யும்போது இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழ் வேண்டும். ஒன்றில் அந்தக் கருவிக்குப் பொறுப்பானவர் தரப்பில் கையெழுத்து. மற்றொன்றில் நிபுணர் கையெழுத்து. கோப்பின் ஹாஷ் மதிப்பும் அதில் இடம்பெற வேண்டும். ஹாஷ் என்பது கோப்புக்கு எடுக்கும் கைரேகை. எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில் எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் 64 எழுத்துகள் கொண்ட ஒரு கோவை வரும். வகுப்பில் இதைச் செய்தே காட்டுவேன். ஒரு புகார் மனுவைத் தட்டச்சு செய்து ஹாஷ் எடுப்போம். பிறகு கடைசி வரியில் ஒரு முற்றுப்புள்ளியைக் கூடுதலாக வைத்து மறுபடி எடுப்போம். அடையாளமே தெரியாத வேறொரு கோவை வந்து நிற்கும். அதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. நீதிமன்றத்துக்கு வந்தது கைப்பற்றிய அதே கோப்புதான் என்று நிரூபிக்க இதைவிட எளிய வழி இல்லை.

முந்தைய சாட்சியச் சட்டத்திலும் 65பி என்ற பிரிவு இருந்தது. 2000இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோடு அது வந்தது. சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் அன்வர் வழக்கில் சொன்னது. 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் அதை உறுதிசெய்தது. மூலக் கருவியையே அதன் உரிமையாளர் கூண்டில் ஏறிக் காட்டினால் சான்றிதழ் தேவைப்படாது என்றும் அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது. அப்படியிருந்தும், குற்றப்பத்திரிகையோடு ஒரு சிடியை மட்டும் இணைத்து அனுப்பிவிட்டு, குறுக்கு விசாரணையில் சான்றிதழ் எங்கே என்று கேட்டதும் தலைகுனிந்து நின்ற புலன்விசாரணை அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் திறமையில்லை என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அதை யாரும் செய்துகாட்டவில்லை.

மகளிர் காவல் நிலையத்தில் இந்த அறியாமையின் விலையை ஒரு பெண் கொடுக்கிறாள். பழகிய ஒருவன் தன் படத்தை வைத்து மிரட்டுகிறான் என்று ஒரு கல்லூரி மாணவி தாயோடு வருவாள். வீட்டில் பெரியவர்கள் என்ன செய்திருப்பார்கள் தெரியுமா? “அசிங்கம்னு எல்லாத்தையும் அழிச்சுட்டோம்மா” என்பாள் அந்தத் தாய். மிரட்டல் செய்தி, அது வந்த எண், நாள், நேரம் எல்லாம் போயிருக்கும். சேவையக நிறுவனத்தைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் வாட்ஸ்அப் செய்தி முனைக்கு முனை குறியாக்கத்தில் போகிறது. சேர வேண்டியவரைச் சேர்ந்த பிறகு அது நிறுவனத்திடம் தங்குவதில்லை. இரண்டு போன்களிலும், எடுத்து வைத்திருந்தால் காப்புப் பிரதியிலும்தான் அது இருக்கும். அழித்ததை ஆய்வகம் மீட்டுவிடும் என்பதும் இப்போதைய போன்களில் உறுதியில்லாத நம்பிக்கை.

அழிக்காமல் கொண்டுவந்த பெண்ணுக்கு வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. வரவேற்பு மேசையில் இருக்கும் காவலர், உதவுகிற எண்ணத்தில்தான் சொல்வார்: “அந்த போட்டோவை என் நம்பருக்கு அனுப்பும்மா, பிரிண்ட் எடுத்துக்கிறேன்.” அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தீங்குகள் நடக்கின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதும் கோப்பு சுருக்கப்பட்டு, எடுத்த நாள், நேரம், கருவி பற்றிய உள்விவரங்கள் உதிர்ந்துபோகின்றன. நீதிமன்றத்தில் அது மூலப்பதிவாக நிற்காது. அதைவிட முக்கியம், எந்தப் படம் இன்னொருவர் கையில் இருக்கக் கூடாது என்று அவள் நிலையத்தின் படியேறினாளோ, அது இன்னும் ஒரு போனில் போய் உட்கார்ந்துவிடுகிறது. நல்ல மனம் மட்டும் போதாது. என்ன செய்யக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். போனைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது கொடு, பெண் அதிகாரி ஒருவர் முன்னால் திரையைப் பதிவு செய், முத்திரையிட்டுப் படிவம் 95இல் நீதிமன்றத்துக்கு அனுப்பு, நகல் எதையும் தனிப்பட்ட போனில் வைக்காதே. இந்த நான்கு வரிகளை அச்சிட்டு அந்த மேசையின் கண்ணாடிக்கு அடியில் வைக்க எவ்வளவு செலவாகும்?

இப்படிப்பட்ட வழக்கை ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்குச் சென்னையே சாட்சி. மணமுறிவு பெற்ற ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசச் செய்திகளைப் பரப்பியவர்மீது 2004 பிப்ரவரியில் புகார் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் எழும்பூர் நீதிமன்றம் அவருக்குத் தண்டனை வழங்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆவது பிரிவில் நாட்டின் முதல் தண்டனை என்று அது அறியப்படுகிறது. இன்றைக்கு இருக்கும் கருவிகளில் கால்வாசிகூட அன்று இல்லை. பதிவுகளை உடனே பாதுகாத்ததும், சான்றிதழோடு தாக்கல் செய்ததும், துறை தெரிந்தவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியதும்தான் அந்த வழக்கைக் காப்பாற்றின.

சிசிடிவி விஷயத்துக்கு வருகிறேன். இன்று கொலையோ சங்கிலிப் பறிப்போ நடந்தால் கேமராவைத்தான் முதலில் தேடுகிறோம். மளிகைக்கடைப் பரணில் தூசி படிந்து, கேமராக் காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி ஒன்று இருக்கும். பாஸ்வேர்டு கடைக்காரருக்குத் தெரியாது. மாட்டிவிட்டுப் போன பையனுக்குத்தான் தெரியும். ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறும். சில கடைகளில் ஒரு மாதம் தாங்கும், சிலவற்றில் ஒரு வாரம்தான். ‘நாளைக்கு வந்து எடுத்துக்கிறோம்’ என்று சொல்லிவிட்டுப் போன பதிவுகள் எத்தனையோ திரும்பக் கிடைக்காமல் போயின. வேறு சிலர் ஓடும் திரையைத் தங்கள் போனில் படம் பிடித்து, நிலைய வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, காட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தேடுவதற்கு அது உதவும், நிரூபிப்பதற்கு உதவாது.

இதில் எல்லாரும் தவறவிடும் ஒன்று நேரம். டிவிஆரின் கடிகாரத்தை யாரும் சரிபார்ப்பதில்லை. மின்சாரம் போய் வந்தால் சில பெட்டிகள் பல ஆண்டுகள் பின்னால்கூடப் போய்விடும். அதனால் பெட்டியைத் தொடுவதற்கு முன் அதன் திரை காட்டும் நேரத்தையும், பக்கத்தில் சரியான நேரம் காட்டும் ஒரு போனையும் ஒரே படத்தில் எடுத்து, வித்தியாசத்தை மகஜரில் எழுத வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால் குறுக்கு விசாரணையில் பாதிக் கேள்விகள் எழாது. இணைய முகவரிகளிலும் இதே சிக்கல்தான். வெளிநாட்டு நிறுவனங்கள் தரும் பதிவுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அதைக் கூட்டாமல் நிறுவனத்திடம் விவரம் கேட்டால், அந்த நேரத்தில் அந்த முகவரியில் இருந்த வேறொருவர் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவோம். செல்போன் இணையத்தில் ஒரே முகவரியைப் பல பேர் ஒரே சமயத்தில் பகிர்ந்துகொள்கிறார்கள். நேரத்தோடு, ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக்காட்டும் போர்ட் எண்ணும் இல்லையென்றால் ஆளைப் பிரித்தறிய முடியாது. ஐந்தரை மணி நேரக் கணக்கைத் தவறவிட்டால், குற்றம் செய்யாத ஒருவர் காவல் நிலையத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 இரவு, ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் குண்டுவெடிப்பில் இறந்துகிடந்த புகைப்படக்காரரின் கேமரா கிடைத்தது. அதற்குள் இருந்த படச்சுருள்தான் பின்னர் கொலையாளியையும் உடன் இருந்தவர்களையும் அடையாளம் காட்டியது. தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த சந்திரசேகரன், அது கொலையாளி இடுப்பில் கட்டிய வெடிகுண்டு என்ற முடிவுக்கு வந்ததும் சிதறிய துண்டுகளைப் பொறுமையாகச் சேர்த்துப் பார்த்துத்தான். அந்தக் கேமராவின் பின்மூடியை அங்கேயே யாராவது திறந்து பார்த்திருந்தால், வெளிச்சம் பட்டுப் படங்கள் வீணாகியிருக்கும். படச்சுருள் காலம் போய்விட்டது, பாடம் போகவில்லை. சம்பவ இடத்தில் கிடைத்த போனைத் திறந்து கேலரியைத் தள்ளிப் பார்ப்பதும், அந்த மூடியைத் திறப்பதும் ஒன்றுதான்.

இந்த அறிவு நமக்கு அந்நியமும் இல்லை, புதிதும் இல்லை. மதராஸில் அரசு இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கியது 1849இல். ஆஸ்திரிய விசாரணை நடுவர் ஹான்ஸ் கிராஸ் எழுதிய, புலன்விசாரணைக் கலையின் மூலநூல் என்று கொண்டாடப்படும் கையேட்டின் ஆங்கில வடிவம், இந்திய நடைமுறைக்கு ஏற்பத் திருத்தி அச்சானது 1906இல், இதே மதராஸில். நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் என் பணிக்காலத்தில் மின்னணுத் தடயங்களைப் பற்றி என் கைக்கு வந்த கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. பயிற்சி வகுப்பிலும் ஆங்கிலத் திரைப்பக்கங்கள்தான் ஓடின. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஏட்டுகள் தலையாட்டிக்கொண்டு குறிப்பேட்டில் ஒன்றும் எழுதாமல் எழுந்து போனார்கள். மகஜரைத் தமிழில் எழுதுகிறோம், சாட்சியைத் தமிழில் விசாரிக்கிறோம், கேஸ் டைரியைத் தமிழில் எழுதுகிறோம். பாடம் மட்டும் ஏன் வேறு மொழியில் இருக்க வேண்டும்?

புலன்விசாரணை அறிவைப் பற்றிப் பேசும்போது சொல்லாமல் விடக் கூடாத ஒன்று இருக்கிறது. தடயத்தைப் படிக்கத் தெரியாத இடத்தில் லத்தி பேச ஆரம்பிக்கும். இதைச் சீருடை அணிந்திருந்தவள் என்ற முறையில் வலியோடு சொல்கிறேன். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தார்கள். விசாரித்த நீதித்துறை நடுவர், நிலையத்து சிசிடிவி பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குத் தெரிவித்தார். ஹார்டு டிஸ்கில் இடம் இருந்தும் பதிவு இல்லை. அதே ஆண்டு டிசம்பரில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்து, பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மின்னணுத் தடயம் குற்றவாளிக்கு எதிராக மட்டும் இல்லை, நமக்கும் எதிராக நிற்கும், நிற்கவும் வேண்டும். உண்மை கண்டறியும் சோதனைகளை ஒருவர்மீது அவர் சம்மதமின்றித் திணிக்கக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் சொன்னதும் இதே நீதிமன்றம்தான். வாக்குமூலத்தை நம்பிய காலம் முடிந்தது. இனி வழக்கை நிறுத்துவது தடயம் மட்டுமே. அதைக் கற்பது குற்றவாளியைப் பிடிப்பதற்காக மட்டும் இல்லை, நிரபராதியை விடுவிப்பதற்காகவும்தான்.

இதற்கு என்ன செய்யலாம்? முதலில், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மின்னணுத் தடயங்களைக் கையாளப் பயிற்சி பெற்ற இருவர் எப்போதும் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் நிலைய எழுத்தராக இருப்பது நல்லது, ஏனென்றால் எல்லாக் காகிதமும் அவர் வழியாகத்தான் போகிறது. ஒருவரை இடமாற்றம் செய்தால், பயிற்சி பெற்ற இன்னொருவர் வந்த பிறகே அவரை விடுவிக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்குகளை ஆய்வாளரும் அவருக்கு மேல் உள்ளவர்களும்தான் விசாரிக்கலாம் என்பது சட்டம். ஆனால் தடயம் ஆய்வாளருக்காகக் காத்திருக்காது.

அடுத்து, பயிற்சி கையால் நடக்க வேண்டும். ஒன்றிய அரசின் சைட்ரெய்ன் தளத்தில் இணையவழிப் பாடங்கள் இருக்கின்றன, நல்லவை. ஆனால் பாடம் பார்ப்பது வேறு, பழைய டிவிஆர் ஒன்றிலிருந்து தானே காட்சியை எடுத்து, ஹாஷ் போட்டு, சான்றிதழ் நிரப்பிப் பார்ப்பது வேறு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பழைய போன்களும் இரண்டு டிவிஆர்களும் இருந்தால் ஒரு உட்கோட்டத்துக்கே பயிற்சிக் கூடம் அமைத்துவிடலாம். பயிற்சியின் முடிவில் அரசு வழக்கறிஞர் ஒருவர் வந்து, கற்றவர்களைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அந்த அரை மணி நேரம் கற்றுத் தருவதை எந்தத் தேர்வும் கற்றுத் தராது.

மூன்றாவதாக, சட்டைப்பையில் அடங்கும் ஒரு தமிழ்க் கையேடு. நிலையத்தில் புழங்கும் சொற்களிலேயே, படங்களோடு, எதைச் செய், எதைச் செய்யாதே என்று. நான்காவதாக, மின்னணுச் சான்று ஏற்கப்படாமல் விடுதலையில் முடிந்த வழக்குகளின் தீர்ப்புகள் ஊனமாஞ்சேரி காவலர் பயிற்சியகத்துக்குத் திரும்பி வர வேண்டும். தடயம் கைமாறும் சங்கிலி எந்த இடத்தில் அறுந்தது என்பதே அடுத்த அணிக்குப் பாடம். மருத்துவமனைகள் இறப்புகளை ஆய்வு செய்கின்றன. நாம் தோற்ற வழக்குகளை மூட்டை கட்டிவிடுகிறோம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களும் நீதித்துறை நடுவர்களும் இதே பாடத்தைக் கற்க வேண்டும். ஹாஷ் என்றால் என்ன என்று தெரிந்த வழக்கறிஞர் இருக்கும் நீதிமன்றத்தில், காவல்துறை ஒழுங்காக வேலை செய்தே தீர வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் யாருக்காவது மிரட்டல் வந்தால், வெட்கப்பட்டு எதையும் அழிக்காதீர்கள். அந்த போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்; பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. கடையிலும் வீட்டிலும் கேமரா வைத்திருப்பவர்கள் அதன் கடிகாரத்தை இன்றே சரி செய்யுங்கள், பாஸ்வேர்டை எழுதி வையுங்கள். அரசுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: மின்னணுத் தடயவியலுக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் ரூபாயை, சம்பவ இடத்துக்கு முதலில் போய்ச் சேரும் காவலரின் பயிற்சிக்குச் செலவிடுங்கள்.